மங்கல் எந்தப் பக்கம்

மங்கலாக இருக்கிறது என்று யார் புகார் சொன்னாலும் சுகந்தி முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா? இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அது நாக்கிலேயே தங்கிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மோகன்ராஜ் சொன்னால்கூட, நம்ம பக்கமா கார்ப்பரேஷன் பக்கமா என்றுதான் வாய் போகிறது. கட்டிய புருஷன் என்பதால் பொறுத்துக்கொள்கிறான். இந்தச் சனிக்கிழமைக் காலையும், வடவள்ளி வீட்டின் முன்னறையில், மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் மாட்டிய போன் வழியாகத் திருப்பூர் செல்வநாயகியிடம் அதையே கேட்டாள். செல்வநாயகி பனியன் துணிக்கான டிசைன்களைத் திரையில் பார்த்துத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவள். அவள் உட்கார்ந்திருப்பது திருப்பூரில். அவள் வேலை பார்க்கும் கணினி இருப்பது சென்னையில், சுகந்தியின் கம்பெனி வாடகைக்கு விடும் ஒரு பெரிய சர்வருக்குள். அதுவும் நிஜக் கணினி இல்லை, ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினி மாதிரி நடித்துக்கொண்டிருக்கும் பலவற்றில் ஒன்று. அதைச் சரிபார்க்கிற சுகந்தியோ கோயம்புத்தூரில். இத்தனை ஊர் தாண்டி வருகிற படத்தில் மங்கல் எங்கே ஏறிக்கொண்டது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தானுங் மேடம் இருக்குது," என்றாள் செல்வநாயகி. "இப்பத்தான் ஓனரு பெரிய மானிட்டரா வாங்கிக் குடுத்தாருங். அதுல வேற எதைப் பாத்தாலும் பளிச்சுனு இருக்குது. உங்க மெஷினுக்குள்ள போனா மட்டும் மாவு பூசுனாட்ட இருக்குதுங். கண்ணு வலிக்குது." சுகந்தி அந்தக் கடைசிச் சொற்களைக் காதில் வாங்காத மாதிரி வேகமாகத் தாண்டினாள். "சரிங்க, லைன்லயே இருங்க. நானும் அதே மெஷின்ல என் பேர்ல உள்ள போய்ப் பாக்கறேன்."

உள்ளே போய் அதே டிசைனைத் திறந்தாள். நீலமும் வெள்ளையுமாக மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய கோடுகள், எந்த ஊர்க் குழந்தையோ போடப்போகிற பனியன். நீலம் வெள்ளைக்குள் கசிந்து, வெள்ளை அழுக்காகி, கோடு எங்கே முடிகிறது என்றே தெரியாத மங்கல். சந்தேகத்துக்கே இடமில்லாத மங்கல். "எனக்கும் மங்கலாத்தாங்க தெரியுது!" என்றாள், பரீட்சையில் தேறிய செய்தி சொல்கிற குரலில். "அதுக்கு ஏனுங் மேடம் சிரிக்கறீங்க?" என்று கேட்டாள் செல்வநாயகி. சிரிப்புக்குக் காரணம் இருந்தது, ஆனால் அது திருப்பூருக்குச் சொல்லக்கூடிய காரணம் இல்லை. இரண்டு பேருக்கும் மங்கல் என்றால் மங்கல் மெஷினில்தான். சுகந்தியின் கண்ணில் இல்லை. கொஞ்ச நாளாகவே எதுவோ சரியில்லை, அதை ஒரு வாக்கியமாகத் தனக்குள்ளேகூட அவள் சொல்லிப் பார்த்ததில்லை. எழுத்துகள் நடுவில் கலங்கின. புது மடிக்கணினி வந்தது, பழியை அதன் தலையில் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள், பிறகு புடவைத் தலைப்பால் துடைத்ததால்தான் இன்னும் மங்கல் என்று கடையில் தருகிற மெல்லிய துணி வாங்கித் துடைத்தாள். எதிர்வீட்டு பால்கனி கிரில்லில் ஒரு கம்பி வளைந்திருந்தது, புது வீட்டுக்கு இப்படியா கிரில் அடிப்பார்கள் என்று மோகன்ராஜிடம் சொல்லவும் செய்தாள். அவன் காபித் தம்ளரோடு எட்டிப் பார்த்து, "நேராத்தான இருக்குது," என்றான். உடனே அவள் தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எவ்வளவு சாமர்த்தியம். ஒரு கம்பி வளைந்திருக்கிறதா இல்லையா என்பதைவிட்டுத் தக்காளிக்குத் தாவுகிற அளவுக்கு ஒரு மனுஷிக்கு எதற்கு இத்தனை சாமர்த்தியம் என்று இப்போது தோன்றியது, தோன்றிய வேகத்தில் அதையும் தள்ளிவிட்டு, டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தாள்.

ரெசல்யூஷன் என்கிற இடத்தில் பெட்டி சாம்பல் நிறத்தில் அமுங்கிக் கிடந்தது. அமுக்கினால் அசையவில்லை. தொலைவிலிருந்து உள்ளே வந்தவர்கள் இங்கிருந்து இதை மாற்ற முடியாது என்று பக்கத்தில் மரியாதையாக எழுதியிருந்தது. அது அவளுக்குத் தெரியாததா? தினமும் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிற விஷயம். உள்ளே இருந்துகொண்டு மாற்ற முடியாதுங்க, வெளியே வாங்க, மறுபடி இணைக்கிறதுக்கு முன்னாடியே எவ்வளவு பெருசா வேணும்னு சொல்லிட்டு உள்ள போங்க. ஆனால் தினமும் சொன்னாலும் இந்த ஏற்பாட்டின் விசித்திரம் அவளுக்கு இன்னும் பழகவில்லை. சென்னையில் அந்த அறைக்கு ஒருமுறை போயிருக்கிறாள். சால்வை போர்த்திக்கொண்டு நிற்க வேண்டிய குளிர், காது அடைக்கும் இரைச்சல், வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒரு திரைகூடக் கிடையாது. செல்வநாயகி நாளெல்லாம் பார்க்கிற நீலக் கோடு அங்கே எந்தக் கண்ணாடியிலும் விழவில்லை. பார்க்க ஆள் வந்தால்தான் அந்தக் கணினி படமே வரைகிறது. வந்தவரிடம் அது கேட்கிற முதல் கேள்வி, உங்கள் திரை எத்தனை புள்ளி அகலம் என்பதுதான். சின்னது என்று சொன்னால் சின்னதாக வரைந்து அனுப்பிவிடும். அதற்கென்ன தெரியும், இங்கே எவ்வளவு பெரிய மானிட்டரை வைத்துக்கொண்டு யார் காத்திருக்கிறார்கள் என்று? சின்னதாக வந்த படத்தை இங்கே இழுத்து இழுத்துத் திரை முழுக்கப் பரப்பினால், ஒரு கரண்டி மாவில் வீட்டுக்கே தோசை ஊற்றின கதைதான். அப்படியானால் அந்தக் கோடு இருப்பது எங்கே? சென்னையில் கணக்காக இருக்கிறது, வழியில் மின்சாரமாக இருக்கிறது, இங்கே வெளிச்சமாக இருக்கிறது. வெளிச்சம் கண்ணுக்குள் போன பிறகு? அங்கேயும் ஒரு திரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது. கண்ணுக்குப் பின்னால் ஒரு மெல்லிய திரைம்மா, நடுவில் கடுகளவு இடம், எழுத்து, முகம், ஊசிக் காது எல்லாம் அந்தக் கடுகில்தான் தெரியும், சுற்றியுள்ளதெல்லாம் சும்மா உத்தேசம். அன்றைக்குப் பயத்தையும் மீறி, அப்படியானால் கண்ணும் லைனில் அனுப்புகிற வேலைதான் பார்க்கிறது என்று நினைத்தாள். அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் எத்தனை புள்ளி இருக்கும் டாக்டர் என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கடுகு இரண்டு கண்ணிலும் போயிருந்தது. அதற்கு முன்னால் அவர் என்னென்ன செய்தார். முதலில் டியூப்லைட்டை மாற்றினார். வெளிச்சம் போதவில்லை என்று குண்டு பல்பு போட்டார், அது கூசுகிறது என்று மறுபடி டியூப்லைட். "பேப்பர்க்காரன் மையிலயும் தண்ணி ஊத்தறான் அம்மிணி," என்று சொல்லி வேறு பத்திரிகைக்கு மாறினார், அதுவும் மங்கலாக இருந்ததும் இன்னொன்றுக்கு. பேப்பர் போடுகிறவரை வாசலில் நிறுத்திச் சண்டை போட்டார், அந்த மனிதர் நல்ல அச்சாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துக்கூடப் பார்த்தார். மின்வாரியம், பத்திரிகை, கண்ணாடிக் கடைக்காரர், மாவு மில்லின் தூசு என்று ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் குற்றம் சொல்லி முடித்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, சீக்கிரம் வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், போனது இனி வராது என்றார்கள். சாகிற வரைக்கும் அவர் சுகந்தியின் காதைப் பார்த்துத்தான் பேசினார். காதைப் பார்த்தால்தான் முகம் ஓரத்தில் கொஞ்சம் தெரியும். முகத்துக்கு நேராகப் பார்த்தால் முகம் இருக்காது. ஆரம்பத்தில் அது புரியாமல், அப்பா நம்மைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே என்று இவள் நகர்ந்து நகர்ந்து அவர் பார்வைக்கு நேராகப் போய் உட்காருவாள், அவர் பாவம் பார்வையை இன்னும் தள்ளிக்கொண்டே போவார். இரண்டு பேரும் சோபாவில் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. இது பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பதுக்கு மேல் கவனமாக இருங்கள் என்று டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும், கட்டத்தின் கோடுகள் நேராக இருந்தால் ஒன்றுமில்லை. சுகந்தி அதைப் பொறுப்பாகக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அதன்மேல் கேஸ் ஏஜென்சி அட்டை வந்து உட்கார்ந்தது. அதன்மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை. கட்டத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவள் பிரிட்ஜைத் திறக்கிறபோதெல்லாம் பால் பாக்கெட்டை மட்டும் பார்க்கிறாள்.

"மேடம், இருக்கறீங்களா?" என்றாள் செல்வநாயகி. "இருக்கேங்க, இருக்கேன்." வெளியே வந்து, இணைப்புக்கான கோப்பைத் திறந்து பார்த்தாள். அங்கேதான் இருந்தது வினை. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில், லைன் நத்தையாக ஊர்ந்ததால், படம் சின்னதாக வந்தால் போதும் என்று அளவைக் குறைத்துக் கட்டிவைத்த கோப்பு. சின்ன மானிட்டர்கள் இருந்தவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லைன் வேகமாகிவிட்டது, மானிட்டர் பெரிதாகிவிட்டது, கோப்பு மட்டும் அந்தக் காலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதே கோப்பைத்தான் அவளும் பயன்படுத்துகிறாள், செல்வநாயகியும் பயன்படுத்துகிறாள். மாற்றுவது சுலபம், ஒரு குமிழைக் கடைசி வரை இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கை சுட்டியின் மேல் இருந்தது. இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. இழுத்தால் மங்கல் போய்விடும். மங்கல் போனால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் மங்கல் இருக்கும்வரை எதையும் அதன்மேல் போடலாம். போன பிறகும் ஏதாவது மிச்சமிருந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொன்று உண்டு, இதுவரை அவள் கேட்காத ஒன்று. சற்று முன் அந்த நீலக் கோடுகளைப் பார்த்தபோது மங்கலை மட்டும் அவள் பார்க்கவில்லை. நடுவில், பார்வை போய் நிற்கிற இடத்தில், மூன்று நான்கு கோடுகள் ஒரு கூழாங்கல்லைச் சுற்றிப் போகிற தண்ணீர் மாதிரி ஒதுங்கிப் போயின. மங்கல் என்றால் மங்கலாக அல்லவா இருக்க வேண்டும், எதற்கு வளைய வேண்டும்? படத்தை இழுக்கும்போது வளையுமா? இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இழுபடும், அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், சும்மா கேட்கிற மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள். "ஏங்க, அந்தக் கோடு டிசைன்ல, நடுவுல எங்கயாச்சும் வளைஞ்ச மாதிரி தெரியுதா உங்களுக்கு?" செல்வநாயகி நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள், அச்சுக்குப் போகிற துணியில் கோணல் இருந்தால் அவள் தலைதான் உருளும். "வளையலீங் மேடம். மங்கலா இருக்குது, அவ்வளவுதான். கோடெல்லாம் நேராத்தானுங் இருக்குது."

வந்தது பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. கண் போனால் வேலை போகும், எழுத்து போகும், மோகன்ராஜின் முகம் போகும், அவனுடைய காதைப் பார்த்துப் பேச வேண்டும், அவன் காதில் பார்க்க என்ன இருக்கிறது, நாலு நரைமுடி. சரி, செல்வநாயகியின் மானிட்டர் பெரிதாக இருப்பதால் அவளுக்கு வளைவு தெரியாமல் இருக்கலாம் என்று ஒரு வாதம் எழுந்தது. அது எவ்வளவு மட்டமான வாதம் என்று சுகந்திக்கே வெட்கமாக இருந்தது, ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். டியூப்லைட்டை மாற்றுகிறேன், வேறென்ன. குண்டு பல்பு போடுகிறேன். அப்பாவாவது மில் வேலைக்குப் போய்வந்தவர், எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. குமிழைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தாள். இழுத்துப் பரப்பாதே என்கிற இடத்திலும் டிக் போட்டாள். கோப்பைச் செல்வநாயகிக்கும் அனுப்பி, "இதுல உள்ள போங்க," என்று சொல்லிவிட்டுத் தானும் போனாள். திரை ஒரு கணம் கறுத்தது. எங்கோ அந்தக் குளிர் அறையில் அது கேள்வி கேட்கிறது, இந்தத் தடவை சரியான பதில் போகிறது என்று நினைப்பதற்குள் படம் வந்துவிட்டது. "அய்யோ மேடம்!" என்று காதுக்குள் கத்தினாள் செல்வநாயகி. "நூல் நூலா தெரியுதுங்! எத்தனை நாளா இப்படி இருந்திருக்கலாம், கண்ணைக் கெடுத்துக்கிட்டோமே!" சுகந்திக்கும் நூல் நூலாகத்தான் தெரிந்தது. நீலம் நீலமாக, வெள்ளை வெள்ளையாக, இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. கசிவு இல்லை, மாவு இல்லை. நடுவில் மட்டும் அந்த மூன்று நான்கு கோடுகள், முன்னைவிடத் தெளிவாக, துல்லியமாக, சந்தேகமே இல்லாமல் வளைந்தன.

"தேங்க்ஸுங் மேடம், வச்சரட்டுங்களா?" என்று கேட்டுச் செல்வநாயகி போனை வைத்தாள். சுகந்தி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக, வருவதற்கு வெட்கப்பட வேண்டிய நேரத்தில், ஓர் ஆவல் வந்தது. சரி, பார்ப்போம். படத்தைப் பிடித்து வலப்புறம் நகர்த்தினாள். வளைவு படத்தோடு போகவில்லை. படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பார்வையை இடப்புறம் நகர்த்தினாள், வளைவு வீட்டுப் பூனை மாதிரி கூடவே வந்தது. பார்வையை நடுவிலேயே நிறுத்தி, சுட்டியின் அம்புக்குறியை ஒரு கோட்டின்மேல் வைத்து மேலிருந்து கீழே மெல்ல இழுத்தாள். நடுவுக்கு வந்ததும் அம்பு ஒரு சின்னக் குதி குதித்து, மறுபடி நேராகப் போனது. இழுக்கிற கை நேராகத்தான் வந்தது, கைக்கு அது நன்றாகத் தெரிகிறது. என்ன அதிசயம் இது, கைக்கு நேராக இருக்கிற கோடு கண்ணுக்கு வளைகிறது, ஒரே உடம்பில் இரண்டு சாட்சி. பிறகு, இத்தனை நாள் செய்யாததை, எல்லோரையும் செய்யச் சொல்கிறதை, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற வேலையைச் செய்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். கோடுகள் எல்லாம் நேர். செல்வநாயகி சொன்ன மாதிரி, மோகன்ராஜ் சொன்ன எதிர்வீட்டு கிரில் மாதிரி, அத்தனையும் நேர். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், இங்கேயே நிறுத்திக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். நடுவில் ஒரு சாம்பல் கறை, சின்னது, டிஸ்ப்ளே பெட்டியின் அதே அமுங்கிய சாம்பல். அதைச் சுற்றிக் கோடுகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்தக் கடுகு. ஆக, இடது பக்கம்தான். வலது நன்றாக இருக்கிறது. அப்பா வந்து சேர்ந்தபோது இரண்டும் போயிருந்தது, இவளுக்கு ஒன்றில் மட்டும், அதுவும் கறையைச் சுற்றி இன்னும் கோடு தெரிகிறது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். மோகன்ராஜ் விடுமுறை நாள் உற்சாகத்தில் வாணலியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சுதா? கறிவேப்பிலை எங்க வச்சே?" என்றான் திரும்பாமல். சுகந்தி பிரிட்ஜ் கதவிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள், கேஸ் அட்டையை எடுத்தாள், கட்டம் போட்ட தாளை எடுத்தாள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் நின்ற இடத்திலேயே ஒரு முறை கையால் மூடிப் பார்த்தாள், ஒரே முடிவுதான் வந்தது. அதன் கீழோரத்தில் ஆஸ்பத்திரியின் எண் இருந்தது. அதை அழுத்தினாள். எடுத்த பெண், "வணக்கம், சொல்லுங்க, யாருக்குப் பாக்கணும்?" என்றாள். அப்பாவுக்கு என்று வாய் பழக்கத்தில் ஆரம்பிக்கப் பார்த்தது. "எனக்குங்க," என்றாள் சுகந்தி. மோகன்ராஜ் கரண்டியோடு திரும்பினான். "என்ன பிரச்சினைங்க உங்களுக்கு?" வாய்க்கு வழி தெரிந்திருந்தது, எத்தனையோ புகார்களைப் பேசி முடித்த வாய் அது. "நேர்க்கோடு வளைஞ்சு தெரியுதுங்க. நடுவுல ஒரு கறை. இடது கண்ணுல மட்டும். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, உங்ககிட்டத்தான் காமிச்சோம்," என்று நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்லீங்க. செக் பண்ணிட்டேன். எங்க பக்கம்தான்." மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டாள், "இப்பவே கெளம்பி வர முடியுங்களா?" சுகந்தி மோகன்ராஜைப் பார்த்தாள், காதை இல்லை, நேராக முகத்தை. அவன் கையை நீட்டி அடுப்பை அணைத்தான்.